பக்கவாதம் கண்டவருக்கு வீட்டில் செய்யவேண்டிய பணிவிடை

பழஞ்சோழர்களின் தலைநகராக விளங்கிய உறையூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக அடங்கிவிட்டது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல்கடந்த வணிகர்கள் விரும்பி வாங்கிய மெல்லிய பருத்தித் துணி இவ்வூரில் நெய்யப்பட்டதே என்று வரலாற்று அறிஞர்கள் கருதுகின்றனர். அந்த நெசவின் எச்சமாகச் சில தெருக்களில் இன்றும் தறியோசை கேட்கிறது. நான் பணியாற்றுவது நகருக்கு மேற்கே, வாழையும் நெல்லும் விளையும் ஊராட்சி ஒன்றியம் ஒன்றில், குடியிருப்பதோ உறையூரில். ஆகவே காலையில் தறியோசையைக் கேட்டுப் புறப்பட்டு, மாலையில் அவ்வோசையைக் கேட்டே வீடு திரும்புவது என் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் எதிர்வீட்டுத் தறி திடீரென நின்றுவிட்டது. ஐம்பது வயதைக் கடந்த நெசவாளர் அவர். நாடாவை வீசிக்கொண்டிருந்த வலக்கை சோர்ந்து விழுந்தது; கால் மிதியில் நிற்கவில்லை; வாய் ஒரு புறம் கோணியது. மனைவி அவரைத் தறிக்குழியிலிருந்து தூக்கிப் பாயில் கிடத்தினார். “களைப்புத்தான், தைலம் தேய்த்துப் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டேன், ஐயா” என்று பின்னர் அந்த அம்மையார் என்னிடம் கூறினார். மறுநாள் உச்சிப்பொழுதில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். பத்தாம் நாள் ஒரு சீட்டும் ஒரு பை மாத்திரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். “நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற ஒரு வாக்கியமும் உடன் வந்தது. எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த ‘எப்படி’ என்பதைப் பற்றியே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். ஆயினும் எதிர்வீட்டில் கண்டதும், அலுவல் நிமித்தமாகச் சென்ற கிராமங்களில் கண்டதும், மருத்துவர்களையும் இயன்முறைச் சிகிச்சையாளர்களையும் வினவி அறிந்ததும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

நோயின் தன்மை

பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் நம் மக்கள் அழைக்கும் இந்நோய், பெயரில் மட்டுமே வாயு. இது கைகாலில் பிடிக்கும் நோயன்று. மூளையில் நேரும் விபத்து. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலோ மூளையின் ஒரு பகுதி செயலிழக்கிறது. மடை அடைபட்டால் கடைவயல் காய்வதையும், கரை உடைந்தால் வயல் முழுகுவதையும் அறிந்த விவசாயிக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்கிறது. வலப்பாதி இடப்பாதியை ஆள்கிறது. ஆதலால் மூளையின் எப்பக்கம் கெடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கைகால் விழுகிறது.

அடைப்பினால் வந்ததாயின், கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. அதை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லையென்று உறுதி செய்யவேண்டும். பெரிய குழாய் அடைபட்டவருக்குச் சிகிச்சை பெறாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முகம் கோணினாலும், தூக்கிய கைகளில் ஒன்று தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அக்கணமே 108-ஐ அழைப்பதே முதற்கடமை. அவ்வூர்திப் பணி நம் மாநிலத்தில் 2008 முதல் நடந்துவருகிறது. நோய் எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்பதை நினைவில் வைத்துச் சொல்லவேண்டும். வாயில் தண்ணீரோ காப்பியோ மாத்திரையோ புகட்டலாகாது. புறா இரத்தம் பூசும் வழக்கத்தை நான் இன்னும் சில ஊர்களில் காண்கிறேன். புறாவும் போய், பொழுதும் போய், கையும் போய்விடுகிறது. வெக்காளியம்மனுக்கு நேர்ந்துகொள்வதை நான் தடுப்பவன் அல்லன். அதை ஊர்தியில் ஏறிய பின்னர் நேர்ந்துகொள்ளலாம்.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையில் நோயாளி இருப்பது சில நாட்களே. மீட்சி நிகழ்வதோ வீட்டில். இழந்த ஆற்றல் திரும்புவது முதல் மூன்று மாதங்களில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நடைபெறும். அழிந்த நரம்பணு மீள்வதில்லை. ஆனால் எஞ்சிய மூளை, கெட்ட பகுதியின் வேலையைக் கற்றுக்கொள்ளும் வல்லமை உடையது. சிறு பிள்ளை நடைபழகுவது போன்ற கல்வி இது. கற்பதற்குத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். செய்வதற்கு ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

முதலில் படுக்கையைப் பார்ப்போம். நடுவில் குழிந்த கயிற்றுக் கட்டில் ஆகாது. சமமான மெத்தை வேண்டும். தானே புரள இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இரவிலும் கூடத்தான். தவறினால் இடுப்பிலும் பிட்டத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும். தோல் சிவந்த இடத்தைக் கண்டால் அங்கே அழுந்தாமல் பார்த்துக்கொள்வதே மருந்து. அவ்விடத்தைத் தேய்த்தால் உள்ளே நைந்துபோகும். பலமிழந்த கையைத் தொங்கவிடாமல் தலையணைமேல் தாங்கிவைக்கவேண்டும். நோயாளியைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுப்பதைப் போன்ற தீமை வேறில்லை. தசை தளர்ந்த தோள்மூட்டு எளிதில் நழுவும். அதன் வலி ஆண்டுக்கணக்கில் நீடித்துப் பயிற்சிக்கே இடையூறாகும். எதிர்வீட்டு நெசவாளருக்கு அவ்வாறே நேர்ந்தது. இழுத்தவர்கள் அன்புமிக்க மைத்துனர்கள்தாம். சொல்லிக்கொடுப்பார் இல்லாமையால் நேர்ந்த கேடு அது.

ஒத்தடத்தைப் பற்றியும் ஒரு சொல். நோய்ப்பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடத்தில் தோல் வெந்து கொப்புளம் கண்டபின்னும் “இன்னும் கொஞ்சம் சூடாக வை” என்று கேட்டவரை நான் அறிவேன்.

உணவூட்டுவதில் கவனம் மிகவும் வேண்டும். விழுங்கும் தசைகள் பலமிழந்திருந்தால் உணவு இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சல் உண்டாகும். அது உயிரையும் வாங்கும். மருத்துவர் அனுமதித்த பின்னரே வாய்வழி கொடுக்கவேண்டும். படுத்தநிலையில் ஒருபோதும் ஊட்டலாகாது. நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு கரண்டியால் நல்ல பக்கத்தில் ஊட்டி, விழுங்கிய பிறகே அடுத்த கவளம் தரவேண்டும். தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி எளிதில் இறங்கும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். ஊட்டும்போது இருமல் வந்தாலோ, குரல் ஈரமாக ஒலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்கவேண்டும். உண்டபின் அரைமணி நேரம் சாயவிடாமல் உட்கார்த்தியிருப்பது நலம்.

சட்டை போடும்போது பலமிழந்த கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது கடைசியில் கழற்றவேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகையில் நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்கவேண்டும். கைத்தடி நல்ல கையில் இருக்கவேண்டும். திண்ணைப் படியில் ஏறும்போது நல்ல கால் முந்தவேண்டும்; இறங்கும்போது பலமிழந்த கால் முந்தவேண்டும். இவை சிறு செய்திகள்தாம். ஆயினும் இவற்றை மாற்றிச் செய்தே பலர் விழுகிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நோய் விட்டுவைத்த நடையும் போய்விடும். உறவினர் பார்க்க வரும்போது பழத்துடன் ரப்பர் பந்து ஒன்றும் வாங்கிவந்து பிசையச் சொல்வது இப்போதைய வழக்கமாகிவிட்டது. விரல்கள் ஏற்கனவே இறுகி மடங்கியிருப்போருக்கு அது இறுக்கத்தைக் கூட்டக்கூடும். அவருக்கு வேண்டியது விரல்களை விரிக்கும் பயிற்சி. எது தக்கது என்பதை இயன்முறைச் சிகிச்சையாளரே கூறமுடியும்.

பேச்சிழப்பு வீட்டாரை மிகவும் வருத்தும். பெரும்பாலும் வலப்பக்கம் விழுந்தவர்க்கே இது நேர்கிறது. பேச முடியாதவருக்குக் காது கேட்கவில்லை என்று எண்ணி உரக்கக் கத்துவதும், அறிவு மங்கிவிட்டது என்று எண்ணி அவர்முன்னே கடன் கணக்கையும் காடுகரை விற்பதையும் பேசுவதும் தவறு. ‘ஆம், இல்லை’ என்று தலையசைத்து விடை கூறத்தக்க சிறு கேள்விகளாகக் கேட்டு, விடைக்குப் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும். மனைவியின் பெயரைச் சொல்ல இயலாத எதிர்வீட்டு நெசவாளர், மார்கழி பஜனை தெருவில் வந்தபோது பாட்டைத் தட்டாமல் கூடவே பாடினார். தெருவே அதிசயித்தது. பாட்டும் எண்ணுவதும் வசைச்சொல்லும் மூளையில் வேறு வழியாக வெளிப்படக்கூடும் என்கிறார்கள். வசைச்சொல் ஒன்று மட்டும் தடையின்றி வந்தது பற்றி அவ்வீட்டார் முதலில் மனம் நொந்தனர். காரணம் தெரிந்தபின் சிரித்துக்கொண்டனர்.

உடலைப் போலவே உள்ளமும் விழுகிறது. இந்நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. உண்ண மறுத்தல், பயிற்சி செய்ய மறுத்தல், உறக்கமின்மை ஆகியவற்றைப் பிடிவாதம் என்று கடியாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அதற்கும் மருந்து உண்டு. காரணமின்றித் திடீரென அழுவதும் சிரிப்பதும் வேறொன்று. அது மூளை அடைந்த காயத்தின் விளைவு. துக்கத்தின் அடையாளமாக எப்போதும் இருப்பதில்லை.

பாதி இலை

என் ஒன்றியத்தில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலைச் சரிபார்க்கச் சென்றபோது, ஒன்பதாம் வகுப்பில் படித்த பெண்பிள்ளை ஒருத்தியின் பெயர் அதில் இருந்தது. நன்றாகப் படித்தவள் என்றார் ஆசிரியை. வீட்டுக்குச் சென்றேன். இரண்டு ஏக்கர் வாழை பயிரிடும் குடும்பம். தந்தைக்கு இடப்பக்கம் விழுந்து ஐந்து மாதமாகிறது. வாழைக்கு நீர் பாய்ச்சவும் கட்டை அறுக்கவும் தாய் போயாகவேண்டும். இல்லையேல் கடன்காரனுக்குப் பதில் சொல்லமுடியாது. ஆகவே தந்தையைப் புரட்டவும் தூக்கவும் கழுவவும் பதினான்கு வயதுப் பெண் வீட்டில் நின்றுவிட்டாள். அவள் தன் இடுப்பில் கைவைத்து மெல்ல நிமிர்ந்ததைக் கண்டபோது என் வீட்டுப் பெண்ணின் நினைவு வந்தது.

அப்போது மதியம். தந்தைக்கு இலையில் சோறு போட்டிருந்தார்கள். அவர் இலையின் வலப்பாதியில் இருந்த சோற்றை மட்டும் வழித்து உண்டுவிட்டு, “இன்னும் போடவில்லையே” என்றார். இடப்பாதியில் சோறும் கீரையும் வைத்தது வைத்தபடி இருந்தன. “இப்படித்தான் சார் நாள்தோறும் அடம் பிடிக்கிறார், எங்கள் உயிரை வாங்குகிறார்” என்று தாய் அழுதார். அது அடமன்று. மூளையின் வலப்பாதி கெட்டவர்களில் சிலருக்கு உலகத்தின் இடப்பாதியே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. கண் கண்டாலும் மனம் காண்பதில்லை. இலையைச் சுற்றித் திருப்பி வைத்தேன். மீதியையும் உண்டார். சிகிச்சையாளர் ஒருவரிடம் கேட்டறிந்து சொன்ன பிறகு, அவ்வீட்டில் எல்லோரும் அவருடைய இடப்பக்கத்தில் அமர்ந்து பேசவும், தண்ணீர்ச் செம்பை இடப்பக்கம் வைத்து நினைவூட்டித் தேடச்செய்யவும் பழகினார்கள். ஐந்து மாதமாக அக்குடும்பம் நோயோடு போராடியதைவிட, நோயாளியோடு சண்டையிட்டதே அதிகம். ஒருவர் ஒருமுறை வந்து விளக்கியிருந்தால் போதுமாயிருந்தது.

யார்மீது பழி?

நம் ஊர்களில் நோயாளி எழுந்து நடக்காவிட்டால் பழி மனைவிமீதோ மருமகள்மீதோ விழுகிறது. “நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை, வேளாவேளைக்குப் பயிற்சி கொடுக்கவில்லை” என்பார்கள், ஒருநாளும் கைகொடுக்காத உறவினர்கள். இப்பழி நியாயமற்றது என்பதற்கு நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஆராய்ச்சி ஒன்று சான்றாக இருக்கிறது. நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 2017-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலும் வீட்டிலும் பயிற்சி முறைகளைக் கற்பித்து, அவர்களையே சிகிச்சையை நடத்தச் செய்தனர்; மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு சாராரிலும் ஒரே அளவாக, நூற்றுக்கு 47 பேர், இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர்.

இம்முடிவைக் கேட்டு, வீட்டுப் பணிவிடையால் பயனில்லை என்று எண்ணிவிடக்கூடாது. புண் வராமல் காப்பதும், புரையேறாமல் ஊட்டுவதும், விழாமல் தாங்குவதும் வீட்டார் செய்தே ஆகவேண்டியவை. இம்முடிவிலிருந்து நான் அறிவது இதுவே: சிகிச்சையாளர் செய்யவேண்டிய வேலையைச் சில நாட் பயிற்சியோடு குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, அது போதும் என்று இருந்துவிட முடியாது. பணம் படைத்த மேனாடுகள் சிலவற்றில் மருத்துவர், செவிலியர், இயன்முறையாளர், பேச்சுப் பயிற்சியாளர் அடங்கிய குழுவொன்று நோயாளியின் வீட்டுக்கே தொடர்ந்து வருகிறது. அதனால் பிறரைச் சார்ந்திருப்போர் தொகை குறைந்திருக்கிறது. பயிற்சி பெற்ற கை வீடு தேடி வரவேண்டும். அது வந்துபோன மற்ற நாட்களில் குடும்பத்தின் கை வேலை செய்யவேண்டும். அக்கை ஓயும்போது தாங்க ஊர் இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சுமை முழுவதும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் இடுப்பில் இறங்குகிறது.

அரசு செய்திருப்பது

நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே சேர்ப்பதோடு, படுக்கையில் கிடப்போருக்கு நோய்த்தணிப்புப் பணிவிடையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிப்பது அதன் நோக்கம். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்வர். வட்டாரத்திற்கு ஒரு செவிலியரும் ஓர் இயன்முறையாளரும் ஊர்தியில் வருவர் என்பது அதன் அமைப்பு. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

விருது பெருமைக்குரியது. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் இயன்முறையாளர் ஒருவர் என்றால், ஒரு வீட்டுக்கு அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரமுடியும் என்பதை ஊராட்சியில் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் கூறிவிடலாம். ஆகவே அவர் வரும் நாள் வீணாகலாகாது. வருமுன் தகவல் பெற்று, பணிவிடை செய்பவர் வயலுக்குப் போகாமல் உடனிருந்து, அவர் காட்டும் பயிற்சியைத் தாமே அவர் கண்முன் ஒருமுறை செய்துகாட்டித் திருத்தம் பெறவேண்டும். கைப்பேசியில் அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முன்னர் வாழைத்தோட்டத்து வீட்டுக்கு அவர் இருமுறை வந்து பூட்டிய கதவைக் கண்டு திரும்பியிருக்கிறார். திட்டமும் இருந்தது, தேவையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைப்பார் இல்லை.

ஊராட்சி செய்யக்கூடியது

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஊரில் படுக்கையில் இருப்போர் யார் யார், அவர்களைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற இரு கேள்விகளையும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முதற்கேள்வியைச் சில ஊராட்சிகள் கேட்கின்றன. இரண்டாம் கேள்வியை எவரும் கேட்டு நான் கண்டதில்லை. பள்ளிப் பிள்ளை பார்த்துக்கொள்கிறது என்றோ, எழுபது வயது மூதாட்டி பார்த்துக்கொள்கிறாள் என்றோ விடை வந்தால், அந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டும்.

அடுத்தது கழிப்பறை. நம் திட்டங்களின்கீழ் கட்டப்பட்ட கழிப்பறைகள் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில், இரண்டு படி உயரத்தில், குந்தி உட்காரும் முறையில் அமைந்தவை. ஒரு பக்கம் விழுந்தவர் குந்தி உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழமுடியாது. நானே எத்தனையோ கழிப்பறைகளுக்குப் பணிமுடிவுச் சான்று கையெழுத்திட்டிருக்கிறேன். முடங்கியவர் ஒருவர் இதில் எப்படி நுழைவார் என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைப் பீங்கான்மேல் வைத்தாலே பெரும்பகுதி இடர் தீரும். சுவரில் இடுப்புயரத்தில் இரும்புக்குழாய் ஒன்றைப் பதித்து, படிகளை மூடிச் சரிவு அமைக்கக் கொத்தனாருக்கு ஒருநாள் வேலை. சரிவு, உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளமாக இருக்கவேண்டும். குறைந்தால் சக்கர நாற்காலி பின்னுக்கு உருளும்.

மூன்றாவது, சான்றிதழும் உதவித்தொகையும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; பக்கவாதத்தால் கைகால் இழந்த செயல் இயக்கக் குறைபாட்டில் அடங்கும். நூற்றுக்கு 40 அளவும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர் சலுகைகளுக்கு உரியவர். கடும் பாதிப்புடையோருக்குத் தமிழக அரசு தரும் மாதப் பராமரிப்புத் தொகை 2023-இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவை அறியாமல் இருக்கும் குடும்பங்கள் பல. அறிந்தாலும் படுத்திருப்பவரை மருத்துவக் குழுவின்முன் கொண்டுசெல்ல வாடகை வண்டிக்குப் பணமில்லை. ஊராட்சி வண்டி ஒன்று ஏற்பாடு செய்து நாலைந்து பேரை ஒரே நாளில் அழைத்துச் சென்றால் அச்செலவு பெரிதன்று. அதே சட்டம் பணிவிடை செய்யும் குடும்பத்தாரையும் ‘பராமரிப்பாளர்’ என்று பெயரிட்டு ஏற்றிருக்கிறது. உயர்ந்த அளவு ஆதரவு தேவைப்படுவோருக்காகப் பராமரிப்பாளர் படி என்ற ஒன்றையும் அது குறிப்பிடுகிறது. வீட்டில் கிடப்பவரைப் பார்ப்பது கடமை, அதற்குப் பெயர் எதற்கு என்று கேட்போருக்கு இதைச் சொல்லலாம்.

நான்காவது, ஓய்வு. நடவுக்கும் அறுப்புக்கும் கைமாற்று வேலை செய்து பழகிய ஊர்கள் நம்முடையவை. அதே முறையில் மகளிர் குழுவினர் வாரத்திற்கு இரண்டு பிற்பகல் ஒரு வீட்டில் முறைவைத்து அமர்ந்தால், அந்த வீட்டுப் பெண் சந்தைக்கும் கோவிலுக்கும் போய்வரலாம், அல்லது வெறுமனே உறங்கலாம். உறங்கட்டுமே! ஆண்கள் இதில் சேரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆண் நோயாளியைத் தூக்குவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் டீக்கடையில் அமர்ந்திருப்போரில் இருவர் வந்தாலே போதும்.

மருந்தை நிறுத்துதல்

ஒன்றை மட்டும் மீண்டும் வற்புறுத்தவேண்டியிருக்கிறது. ஒருமுறை பக்கவாதம் கண்டவருக்கு அது மறுமுறையும் வரும் ஆபத்து மிகுதி. மறுமுறை வந்தால் விளைவு பெரும்பாலும் கொடியது. இரத்தக் கொதிப்புக்கு அடையாளம் ஏதும் இல்லை. தலைசுற்றல் இல்லை, ஆகவே கொதிப்பு இல்லை என்று மாத்திரையை நிறுத்துவோரே மிகுதி. நடக்கத் தொடங்கிய மகிழ்ச்சியில் நிறுத்துகிறார்கள். பத்தியம் என்று நிறுத்துகிறார்கள். வெளியூர்த் திருமணத்திற்குப் போகையில் மறந்து, பிறகு மறந்ததையும் மறந்துவிடுகிறார்கள். மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தலாகாது. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்கு, மிகலாகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ளதும் இக்கணக்கில் சேரும். சுருட்டுக்குப் பெயர்போன உறையூரில் இருந்துகொண்டு சொல்வது சிலருக்குக் கசக்கும்; ஆயினும் புகையிலையை அறவே விட்டுவிடவேண்டும்.

எதிர்வீட்டு நெசவாளரின் வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை. இனி அவர் தறியில் அமர மாட்டார் என்பதை அவரும் அறிவார். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் ராட்டையின் அருகே போய் அமர்ந்து, இடக்கையால் சக்கரத்தைச் சுற்றி, விறைத்த வலக்கையின் கட்டைவிரலில் நூலைத் தாங்கித் தார் சுற்றப் பார்த்தார். நூல் பலமுறை அறுந்தது. இப்போது ஒரு நாளில் சில தார் சுற்றுகிறார். முன்பு அவர் சுற்றியதில் அது கால்பங்கும் இராது. தறியில் அவர் மனைவி அமர்ந்திருக்கிறார். காலையில் நான் புறப்படும்போது மீண்டும் அந்த ஓசை கேட்கிறது.

வாழைத்தோட்டத்து வீட்டுக்கு ஊராட்சியின் முயற்சியால் துளையிட்ட நாற்காலி ஒன்றும் கைப்பிடிக் குழாயும் வந்தன. அண்டை வீட்டார் இருவர் காலை வேளையில் வந்து அவரை எழுப்பி உட்கார்த்துகிறார்கள். பெண் பள்ளிக்குத் திரும்பி ஓராண்டு பின்தங்கிப் படிக்கிறாள். தந்தை சுவரைப் பிடித்துத் தாமே கொல்லைக்குப் போகத் தொடங்கியதும் நாற்காலி ஊராட்சி அலுவலகத்திற்குத் திரும்பிற்று. அங்கே அது தங்கியது ஒரு வாரந்தான். இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது. இன்னொன்று வாங்கவேண்டும் என்று ஊராட்சிச் செயலர் கேட்டிருக்கிறார்.